சண்டையில் உங்கள் பங்கை மட்டும் மாற்றுவது எப்படி?

வீட்டில் ஒரே சண்டை திரும்பத் திரும்ப வருகிறது என்றால், யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வதைக் கொஞ்ச நாளைக்கு ஒத்திப்போடுங்கள். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுங்கள்: இந்தச் சண்டை இப்படியே ஓடிக்கொண்டிருக்க நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? கேட்டதும் பலருக்குக் கோபம் வரும். அவங்க பண்றதுக்கெல்லாம் நான் பொறுப்பா என்று. பொறுப்பு இல்லைதான். ஆனால் குடும்பம் என்ற கூட்டத்தில் உங்கள் கையில் இருப்பது உங்கள் பங்கு ஒன்றுதான். அதை நிதானமாக மாற்றி, மாற்றியதில் நிலையாகவும் நின்றால், மற்றவர்களும் பழையபடியே நடந்துகொள்ள முடியாமல் போகும். ஃபேமிலி சிஸ்டம்ஸ் என்கிற பார்வையின் சாரம் இதுதான்.

இதற்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் முர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். 1954 முதல் 1959 வரை அங்குள்ள தேசிய மனநல நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ளவர்களோடு அவர்களுடைய குடும்பத்தாரையும் வார்டிலேயே தங்கவைத்துக் கவனித்தார். ஒருவரின் பதற்றம் இன்னொருவருக்குத் தாவுவதையும், இருவருக்குள் முட்டிக்கொண்டால் மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பதையும் பார்த்துப் பார்த்துத்தான் தன் கோட்பாட்டை எழுதினார். 1967-இல் பிலடெல்ஃபியாவில் நடந்த ஒரு கருத்தரங்கில், சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே அதை எப்படிச் செய்து பார்த்தார் என்று பேசினார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் அவர். 1972-இல் அது அச்சானபோது ஆசிரியர் பெயரே போடவில்லை, ஏனென்றால் பேச்சு முழுக்க அவருடைய உடன்பிறந்தவர்கள், அப்பா அம்மா பற்றியது.

நமக்கு இது ஒன்றும் அந்நியச் சரக்கு இல்லை. கிட்டத்தட்ட அதே காலத்தில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்து, சிகிச்சையில் அவர்களையும் சேர்த்துக்கொண்டார். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குடும்ப மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

முதலில் முக்கோணத்தைப் பிடியுங்கள்

இரண்டு பேருக்கு இடையே இறுக்கம் கூடினால் அந்த இருவரில் ஒருவர் மூன்றாவது ஆளைத் தேடுவார். இதைத்தான் முக்கோணம் என்கிறார்கள். சதி, சூது என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள், எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது. பெங்களூரில் வேலை, ஊரில் பெற்றோர் என்று இருப்பவர்களுக்கு இந்த முக்கோணம் பெரும்பாலும் போன் வழியாகத்தான் நடக்கும்.

பெங்களூர் பாணஸ்வாடியில் இருக்கிற மகனுக்குச் சேலத்திலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா கூப்பிடுகிறார். "நான் போன் பண்ணா உன் பொண்டாட்டி எடுக்கவே மாட்டேங்கறா. நீயாவது என்னன்னு கேக்கக் கூடாதாடா?" வழக்கமாக இதற்கு மூன்று பதில்கள் வரும். ஒன்று, "அவளுக்கு ஆபீஸ்ல வேலைம்மா, உங்களுக்கு எப்பவும் அவ மேல குறைதான்" என்று மனைவிக்கு வக்காலத்து. இரண்டு, அம்மாவிடம் "சரிம்மா, நான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்ததும் மனைவியிடம் எகிறுவது. மூன்று, "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று நழுவுவது. பார்க்க வேறு வேறாக இருந்தாலும் மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: அம்மாவின் வருத்தம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் மகன் மேல் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

நான்காவது ஒரு பதில் இருக்கிறது. "அம்மா, அது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற விஷயம். நான் பேசினா ரெண்டு பேருக்கும் என் மேல கோபம் வரும், வேற ஒண்ணும் ஆகாது. நீங்க அவகிட்டயே கேளுங்க." இதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடக் கூடாது, அதுதான் முக்கியம். "சரி, முட்டி வலிக்கு டாக்டர் என்ன சொன்னார்?" என்று இன்னும் பத்து நிமிஷம் அவரோடு இருங்கள். சண்டைக்குள் போகாதீர்கள், ஆனால் உறவுக்குள் இருங்கள். எரிச்சலான குரலில் இதே வார்த்தைகளைச் சொன்னால் அது வெறும் தள்ளிவிடுதல், அம்மாவுக்கு அது உடனே தெரிந்துவிடும். உள்ளே போனதும் மனைவி "என்ன சொன்னாங்க?" என்று கேட்டால் மறைக்கவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம். "நீ போன் எடுக்கலைன்னு வருத்தப்பட்டாங்க, உன்கிட்டயே பேசச் சொல்லியிருக்கேன்" என்பது போதும். ரகசியம் சேர்ந்தால் முக்கோணம் இறுகும்.

மனைவிக்கும் இதே கணக்குதான். கணவனிடம் சொல்ல வேண்டியதைத் தினமும் தன் அம்மாவிடமோ அக்காவிடமோ சொல்லி ஆற்றிக்கொண்டால் அன்றைக்கு மனசு லேசாகும். ஆனால் கணவனிடம் சொல்ல வேண்டிய விஷயம் சொல்லப்படாமலே கிடக்கும், அக்கா வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு கோப்பே தயாராகிவிடும்.

ஒரு தாளில் மூன்று தலைமுறை

அடுத்தது படம் வரைவது. ஜீனோகிராம் என்று பெயர். பெரிய சார்ட் பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குக் கிடைக்கோடு, பிள்ளைகள் பிறந்த வரிசையில் இடமிருந்து வலமாக, இறந்தவர்களுக்கு உள்ளே ஒரு பெருக்கல் குறி. ஓயாமல் மோதிக்கொள்கிறவர்களுக்கு நடுவே வளைந்து நெளிந்த கோடு, பேச்சே நின்றுபோனவர்களுக்கு நடுவே உடைந்த கோடு. சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு, அது நம் குடும்பங்களில் நிறையவே வரும். தாய்மாமனைக் கட்டிய பெண்ணுக்கு மாமியாரே அம்மாவைப் பெற்ற பாட்டி என்பதால் ஒரு முக்கோணத்தின் மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருக்கும். அதனால்தான் அந்த வீடுகளில் ஒரு சின்னப் பேச்சு கூட இவ்வளவு பேரைத் தொடுகிறது.

படத்தை விட முக்கியம் வருஷங்கள். பிறப்பு, இறப்பு, கல்யாணம், ஊர் மாறியது, பாகப்பிரிவினை, வேலை போனது, கடனில் மூழ்கியது எல்லாவற்றையும் வருஷத்தோடு எழுதுங்கள். பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரின் வரலாற்றையும் ஓரத்தில் எழுதச் சொல்வேன். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு ஓடிய குடும்பமா? கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயல் குடும்பம் என்றால் 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கம் மூடியபோது அப்பாவுக்கு என்ன வயசு, அதற்கப்புறம் வீட்டை யார் தாங்கினார்கள்? இப்படி வருஷங்களைப் பக்கம் பக்கமாக வைத்தால், "பெரியப்பா குணமே அப்படித்தான்" என்று நினைத்திருந்த பகை தாத்தா இறந்த அடுத்த வருஷம்தான் ஆரம்பித்தது என்பது மாதிரி விஷயங்கள் கண்ணில் படும். குடும்பத்தைத் தாங்கி நின்ற ஒருவர் போனபின் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில், சம்பந்தமே இல்லாத மாதிரி தோன்றும் இடங்களில் பிரச்சினைகள் வெடிப்பதைப் போவன் உணர்ச்சி அதிர்வலை என்றே குறிப்பிட்டார்.

விவரம் சேகரிக்க ஊருக்குப் போகும்போது கேள்விகள் எப்படி இருக்க வேண்டும் என்றால், "ஏன்" குறைவாக, "எப்போ, யாரு, அதுக்கப்புறம் என்னாச்சு" அதிகமாக. அத்தையிடம் "நீங்க ஏன் அப்பாகிட்ட பேசறதில்ல?" என்று கேட்டால் அரை மணி நேரம் குற்றப்பத்திரிகைதான் வரும். "அந்த வருஷம் நீங்க எங்க குடியிருந்தீங்க அத்தை, வீட்ல யார் யார் இருந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே நாளில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்காதீர்கள், தனித்தனியாக, பாத்திரம் கழுவும்போதும் கொல்லையில் உட்கார்ந்திருக்கும்போதும் கேட்பதுதான் நல்லது.

கவலை பிள்ளை மேல் இறங்கும்போது

இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் அடிபடுகிறவர் வாய் திறக்க முடியாத வயசில் இருப்பவர். கணவன் மனைவிக்குள் இறுக்கம் கூடினால் அது நான்கு வழியில் வெளியே வரும் என்கிறது இந்தக் கோட்பாடு: சண்டையாக, விலகலாக, ஒருவர் உடம்பும் மனசும் படுத்துவிடுவதாக, அல்லது ஒரு பிள்ளை மேல் இறங்கும் கவலையாக. கடைசி வழி படிப்படியாக நடக்கும். பிள்ளைக்கு ஏதோ குறை என்று ஒரு பயம் வருகிறது. பிள்ளை எது செய்தாலும் அந்தப் பயத்துக்குச் சாட்சியாகத் தெரிகிறது. கடைசியில் குறையுள்ள பிள்ளையாகவே எல்லோரும் நடத்துகிறார்கள், பிள்ளையும் அப்படியே ஆகிறது.

நம் ஊரில் இதற்கு நல்ல உதாரணம் மொழி. பேரனைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஆறு மாசத்துக்குப் பாட்டி வருகிறார். பையன் பிளே ஸ்கூலில் ஆங்கிலம், கீழே விளையாடும்போது கன்னடம், வீட்டில் தமிழ் என்று மூன்றையும் கலந்து பேசுகிறான். பாட்டிக்கு வருத்தம், அம்மாவுக்குப் பதற்றம், அப்பாவுக்கு இருவரிடமும் எரிச்சல். சாப்பிட உட்கார்ந்தால் மூன்று பேரும் அவன் வாயையே பார்க்கிறார்கள். மாமியார் மருமகளுக்குள் சமையலறை யாருடையது என்ற கேள்வி பேசப்படவே இல்லை, அது முழுக்கப் பையனின் தமிழ் மேல் இறங்கிவிட்டது. அவன் பேச்சில் உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டித் தெளிவாகிக்கொள்ளுங்கள். அதற்குமேல் வரும் கவலையைப் பெரியவர்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். "அத்தை, சமையல்ல காலைல நான், சாயங்காலம் நீங்கன்னு வச்சுக்கலாமா?" என்று நேராகக் கேட்பது பிள்ளைக்குச் செய்யும் பெரிய உதவி.

மூத்த பிள்ளையின் தோள்

ஒருவர் அதிகமாகச் செய்யச் செய்ய இன்னொருவர் குறைவாகச் செய்வார், இருவரும் சேர்ந்துதான் அப்படி ஆகிறார்கள். மாசா மாசம் தம்பியின் கடனைப் பெங்களூர் அண்ணன் கட்டுகிறார், தம்பிக்கு இருபது வருஷமாக எந்த வேலையும் நிலைக்கவில்லை. தம்பியைத் திருத்தும் முயற்சியை விட்டுவிட்டு அண்ணன் தன் எல்லையை மட்டும் சொல்லலாம்: "அம்மா மருந்துச் செலவு மாசாமாசம் நான் அனுப்பிடறேன். கடனை அடுத்த மார்ச்சோட நிறுத்திக்கறேன், அதுக்குள்ள நீ ஏற்பாடு பண்ணிக்கோ." காரணம் விளக்கம் எல்லாம் நீட்ட வேண்டாம். குறை சொல்லாமல், கெஞ்சாமல், தான் என்ன செய்வேன் என்ன செய்யமாட்டேன் என்று மட்டும் சொல்வது. கோட்பாட்டில் இதற்கு நான்-நிலைப்பாடு என்று பெயர். கூட்டுக் குடும்பம் என்றாலே கோளாறு, தனியாக நிற்பதுதான் ஆரோக்கியம் என்று சிலர் இதைப் படிக்கிறார்கள், எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. எல்லோரோடும் ஒட்டியிருந்துகொண்டே தன் யோசனை தன்னிடம் இருப்பதைத்தான் போவன் டிஃபரன்சியேஷன் என்றார்.

சொன்ன உடனே எதிர்ப்பு வரும், அதற்குத் தயாராக இருங்கள். முதலில் "நீ செய்யறது தப்பு." அப்புறம் "பழையபடி இரு, எல்லாம் சரியாயிடும்." அதுவும் நடக்கவில்லை என்றால் "அப்படின்னா இனிமே இந்த வீட்டுக்கு வராதே." இந்த மூன்று படிகளையும் போவன் வரிசையாகவே எழுதிவைத்திருக்கிறார். மூன்றாவது படியில் சண்டை போடாமலும், பணிந்துபோகாமலும், பேச்சை நிறுத்தாமலும் இருந்தால் பெரும்பாலும் மெல்ல அடங்கும். "நீ மாறிட்டே, பெங்களூர் காத்து பட்டுடுச்சு" என்று சித்தி சொன்னால் "இருக்கலாம் சித்தி" என்று சிரித்துவிட்டு அடுத்த வாரமும் போன் செய்யுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடி, உதை, மிரட்டல், பாலியல் துன்புறுத்தல் உள்ள வீட்டில் இதெல்லாம் பொருந்தாது. அங்கே உங்கள் பங்கு என்ன என்று யோசிக்கவே வேண்டாம், முதலில் பாதுகாப்பு. பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது. மனசு தாங்கவில்லை, தூக்கமில்லை, உயிரை விடத் தோன்றுகிறது என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

பேச்சு நின்றுபோன ஒருவருக்கு முதல் போன்

தூரமாக வந்துவிட்டதே விடுதலை என்று நிறையப் பேர் நினைக்கிறோம். ஊரில் யாரோடு பேச்சை அறுத்துக்கொண்டு வந்தோமோ அந்த இறுக்கம் இங்கே கணவன் மேல், பிள்ளை மேல், சில சமயம் ஆபீஸ் மேனேஜர் மேல் இறங்கும். அதனால் படத்தில் உடைந்த கோடு இருக்கும் இடங்களில் ஒன்றை எடுங்கள், ரொம்ப ரணமானதை விட்டுவிட்டு நடுத்தரமானது ஒன்று. சித்தப்பா என்று வைத்துக்கொள்வோம். பொங்கல், அவர் பேத்தி காதுகுத்து மாதிரி போன் செய்ய இயல்பான ஒரு நாள் பார்த்து, ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகாமல் பேசுங்கள். பழைய விஷயத்தை எடுக்காதீர்கள், மன்னிப்பு கேட்கவும் வேண்டாம், கேட்க வைக்கவும் வேண்டாம். "சித்தப்பா, நான் பெங்களூர்லேர்ந்து பேசறேன். எப்படி இருக்கீங்க? தாத்தா வேலை பார்த்த மில் பேர் என்ன, எழுதிவச்சுக்கணும்" என்ற அளவில் இருந்தால் போதும். அவர் உங்கள் அப்பாவைப் பற்றி இழுத்தால் "அதை அப்பாகிட்டயே கேளுங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு மில் பக்கம் திரும்புங்கள். வைத்ததும் அவர் என்ன சொன்னார், எந்த இடத்தில் உங்களுக்குச் சுருக்கென்றது, எங்கே குரல் ஏறியது என்று அந்தச் சார்ட் பேப்பரின் பின்னாலேயே தேதி போட்டு எழுதுங்கள். போன் செய்ததை அன்றைக்கே அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள், வேறு வழியாக அவர் காதுக்குப் போகும்வரை காத்திருக்காமல்.