நடுத்தர விலை எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குறப்ப பண்ணக்கூடாத தப்புகள்
கையில 35,000 ரூபாய் வச்சிருந்தா அந்த 35,000-த்தையும் கிட்டாருக்கே கொடுத்துட்டு வந்துடுறாங்க, முதல் தப்பே அதுதான். ஆம்ப் (கிட்டார் சத்தத்த பெருக்கி ஸ்பீக்கர்ல தர்ற பெட்டி), கேபிள், ஸ்ட்ராப், செட்டப் (கம்பி உயரமெல்லாம் வாசிக்க வாகா சரி பண்றது) கூலி எதையும் கணக்குல சேக்கறதில்ல. நல்ல கிட்டாரையும் மட்டமான ஆம்ப்ல சொருகினா மட்டமாத்தான் கேக்கும்.

அடுத்தது, பிளஸ் மட்டும் பாத்து வாங்கிட்டு மைனஸ வீட்டுல வந்து கண்டுபிடிக்கிறது. யமஹா பசிஃபிகா 112வி-ய எடுத்துக்குங்க. ஆல்டர் பாடி, கம்பி அதிர்வ சிக்னலா மாத்துற பிக்கப்ல ரெண்டு சிங்கிள் காயில் (ஒரே சுருள் வச்சது), பிரிட்ஜ் (கம்பியோட கீழ்முனை உக்கார்ற இடம்) பக்கம் ஒரு ஹம்பக்கர் (ரெண்டு சுருள் சேத்து இரைச்சல அடக்குறது), டோன் நாப மேல இழுத்தா அந்த ஹம்பக்கரும் சிங்கிள் காயில் மாதிரி ஆயிடும், அதனால ஒரே கிட்டார்ல கிளீனா ஃபங்க்கும் வாசிக்கலாம், டிஸ்டார்ஷன் போட்டு ராக்கும் வாசிக்கலாம். ஆனா சிங்கிள் காயில்ல கெயின் (ஆம்ப்ல சிக்னல ஏத்தி கரகரப்பு தர்ற நாப்) ஏத்தினா உம்ம்முனு ஒரு இரைச்சல் வரும், பக்கத்துல சார்ஜர், பழைய டியூப்லைட் சோக் இருந்தா இன்னும் ஜாஸ்தி. பீஸ் கோளாறுன்னு கடைக்கு ஓடாதீங்க, சிங்கிள் காயில் அப்படித்தான். கம்பிய தொட்டதும் சத்தம் குறைஞ்சா கிட்டார் உள்ள கிரவுண்ட் ஒயர் சரியா இருக்குன்னு அர்த்தம்.

இரைச்சலே வேணாம்னா எபிஃபோன் லெஸ் பால் மாதிரி ரெண்டு ஹம்பக்கர் வச்சது பாருங்க. ஸ்கேல் (அதிர்ற கம்பியோட நீளம்) 628 மி.மீ., பசிஃபிகால 648, அதனால அதே கம்பி போட்டாலும் லெஸ் பால்ல பெண்ட் பண்றது (கம்பிய விரலால வளைச்சு சுருதிய ஏத்துறது) கொஞ்சம் சுலபம். ஆனா வெயிட்டு. ஸ்டூல்ல உக்காந்து வாசிச்சுட்டு முடிவு பண்ணாதீங்க, ஸ்ட்ராப் மாட்டி ஒரு கால்மணி நேரம் நின்னு பாருங்க, தோள்பட்டையே பதில் சொல்லிடும்.

நான் ரொம்ப வருத்தப்பட்டது நட் (நெக்கு, அதாவது கிட்டார் கழுத்தோட மேல்முனைல கம்பிகள் உக்கார்ற பள்ளம் போட்ட சின்ன துண்டு) விஷயத்துலதான். என்னோட முதல் கிட்டார்ல ஜி கம்பி டியூன் பண்றப்பல்லாம் "டிங்"னு சத்தம் வரும், ஒரு பெண்ட் பண்ணா சுருதி போயிடும், டியூனர் கீ மட்டம்னு நினைச்சு காசு போட்டு புதுசு மாத்தினேன், ஒண்ணும் மாறல. கடைசில பாத்தா நட்டுல அந்த கம்பி உக்கார்ற பள்ளம் இறுக்கமா இருந்திருக்கு. பள்ளத்துல பென்சில் கரி தேய்ச்சதும் பாதி சரியாச்சு, மிச்சத்த ஒரு ரிப்பேர்க்காரர் அரம் வச்சு லேசா தேய்ச்சு சரி பண்ணார். கடையிலயே இத பாத்துடலாம். கம்பிய ரெண்டாவது, மூணாவது ஃப்ரெட்டுக்கு (நெக்குல குறுக்க பதிச்ச உலோகப் பட்டை) நடுவுல அழுத்துங்க, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி இருக்கணும். பெருசா இருந்தா எஃப் கார்டு பிடிக்க விரல் நொந்துடும், இடைவெளியே இல்லன்னா ஓப்பன் கம்பி கிர்ருங்கும்.

கடைக்காரர் எடுத்ததும் கெயின் ஏத்தி காட்டுவாரு, அதுல எல்லா கிட்டாரும் நல்லாத்தான் இருக்கும். முதல்ல கேபிள் சொருகாம ஒவ்வொரு ஃப்ரெட்டா வாசிங்க, நெக்கோட ஓரத்துல உள்ளங்கைய ஓட்டிப் பாருங்க, ஃப்ரெட் முனை கீறுச்சுன்னா வேற பீஸ் கேளுங்க. ஒரே மாடல்லயே பீஸுக்கு பீஸ் வித்தியாசம் இருக்கும்ங்க.

டிஸ்பிளேல தொங்குற கிட்டார்ல கம்பி துருப்பிடிச்சுதான் இருக்கும், புதுக்கம்பியும் செட்டப்பும் பண்ணித் தரச் சொல்லி பில் போடறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, அப்புறம் கேட்டா அதுக்கும் தனியா காசுன்னுவாங்க.