நாலு கிலோ ரேடியோ, ஒன்பது கிலோ வாடகை

பழைய வால்வு ரேடியோ ஒன்றை ஆன்லைன் ஏலத்தில் 1,800 ரூபாய்க்கு எடுத்தேன், ‘அனுப்பும் செலவு தனி’ என்று மட்டும் போட்டிருந்தது, கிருஷ்ணகிரிக்கு அப்படி என்ன ஆகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். ஏலம் முடிந்ததும் விற்றவர் அனுப்பும் செலவுக்கு 950 கேட்டார். நாலு கிலோ பெட்டிக்கா?

அளவைக் கேட்டேன்: 45, 35, 30 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் 9.45 கிலோ வருகிறது. கூரியரில் பெரும்பாலும் இந்த அளவுக் கணக்கில் வரும் எடை, நிஜ எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. சரி, அவர் ஏமாற்றவில்லை, முன்பே சொல்லியிருக்கலாம். லாரி பார்சலில் போடச் சொன்னேன், 280-இல் முடிந்தது, ரவுண்டானா பக்கம் போய் நானே தூக்கிவந்தேன், உள்ளே பாதி தெர்மோகோல்தான். இப்போதெல்லாம் 635001 என்று பின்கோடு கொடுத்து, பெட்டி அளவும் மொத்தச் செலவும் எழுத்தில் வந்த பிறகுதான் ஏலமே கேட்கிறேன்.