மண்சட்டியை மீன்தொட்டிக்குள் வைக்கும் முன்

வண்ணமீன் கடைகள் நிறைந்த சென்னைக் கொளத்தூரில் மீன் வாங்கி வருகிறவர்களில் பலர் அலங்காரப் பொருளுக்குச் செலவழிக்காமல் வீட்டிலிருக்கும் மண்சட்டியையே தொட்டிக்குள் வைக்கிறார்கள். நல்ல யோசனைதான். பிளாஸ்டிக் கோட்டையைவிட மண்சட்டிக்குள் மீன் சீக்கிரம் ஒதுங்கும். சிச்லிட் என்னும் மீன் குடும்பத்தில் சில வகைகள் அதில் முட்டையும் வைக்கும். ஆனால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். தூசி தட்டுவது, உடைந்த விளிம்பை உரசி மழுக்குவது போன்றவை யாரும் சொல்லாமலே தெரியும், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சமைத்த சட்டி

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. குழம்பு வைத்த சட்டியைத் தொட்டிக்குள் வைக்கவே கூடாது.

மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்குக் காரணம் அதன் சுவரில் உள்ள நுண்துளைகள். குழம்புச் சட்டியில் அதே துளைகள் நல்லெண்ணெய், புளி, உப்பு, மிளகாய் எல்லாவற்றையும் குடித்து வைத்திருக்கும். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தால் மேற்பரப்புதான் சுத்தமாகும். உள்ளே போனது உள்ளேயே இருக்கும், தொட்டித் தண்ணீரில் ஊற ஊற மெல்லக் கசியும்.

எங்கள் மாடியில் குடியிருந்த பையன் பாட்டியின் மீன்குழம்புச் சட்டியைக் கேட்டு வாங்கி, கோல்டு ஃபிஷ் தொட்டியில் படுக்க வைத்தான். "நல்லாத் தேய்ச்சுட்டேன் அண்ணா, வாசனையே இல்லை" என்றான். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தண்ணீர் அரிசி களைந்த நீர் மாதிரி வெளுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவன் நோய் என்று நினைத்து, கடையில் கொடுத்த நீல மருந்தை ஊற்றினான். சட்டி மட்டும் உள்ளேயே இருந்தது. ஒரு மீன்கூட மிஞ்சவில்லை.

கசிந்த எண்ணெயையும் மாவுச்சத்தையும் தின்று பாக்டீரியா பெருகும். தண்ணீர் வெளுப்பது அதனால்தான். அவை தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மேலே படரும் எண்ணெய் ஏடு புதுக் காற்று கரைவதையும் தடுக்கும். நம் ஊர் வெயிலில் நிலைமை இன்னும் மோசம். 30 டிகிரியில் லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். மருந்து இதில் எதையும் சரிசெய்யாது.

இந்த நிலை வந்துவிட்டால் முதலில் சட்டியை வெளியே எடுங்கள். மேற்பரப்பில் டிஷ்யூ காகிதத்தை விரித்து ஏட்டை ஒற்றி எடுங்கள். பாதித் தண்ணீரை மாற்றி, ஏர் பம்பை விடாமல் ஓட்டுங்கள்.

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. கஞ்சித் தண்ணீரும் எண்ணெயும் ஏற்றிப் பழக்கிய சட்டி என்றே கடையில் விற்கிறார்கள். சமையலுக்கு அது நல்லது. மீனுக்கு அதுவும் குழம்புச் சட்டிதான். பழக்காத சட்டி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

சந்தேகமாக இருந்தால் சட்டி நிறைய, கொதிக்காத வெந்நீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பாருங்கள். வானவில் நிறத்தில் மெல்லிய படலம் நெளிந்தால், அந்தச் சட்டி அடுப்படிக்கே போகட்டும்.

சோப்பு

வேண்டாம். ஒரு சொட்டுகூட.

செடி வளர்த்த தொட்டி

விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பது பெரும்பாலும் தண்ணீரிலும் உரத்திலும் இருந்த உப்பு. பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒரு வாரம் தினமும் தண்ணீர் மாற்றி ஊறவைத்தால் பெரும்பகுதி போய்விடும். ஆனால் செடிக்குப் பூஞ்சை மருந்து அடித்திருந்தால் அந்தத் தொட்டியை மறந்துவிடுங்கள். பல பூஞ்சை மருந்துகளில் தாமிரம் உண்டு. மீன் தப்பினாலும் இறாலும் நத்தையும் தப்பாது.

பெயின்ட் அடித்தது, பளபளப்பு ஏற்றியது

பொங்கல் பானையோ அகல் விளக்கோ, பூச்சு இருந்தால் உள்ளே வைக்காதீர்கள்.

வேகாத மண்

விரல் முட்டியால் தட்டுங்கள். நன்றாகச் சூளையில் வெந்த சட்டி 'ணங்' என்று கேட்கும். 'டொக்' என்றால் விரிசலாக இருக்கும், இல்லையென்றால் அரைவேக்காடு. அரைவேக்காட்டுச் சட்டி தண்ணீரில் கிடந்து ஓரம் ஓரமாகக் கரைந்து ஃபில்டரை அடைக்கும். சுடாத களிமண் பொம்மைகளுக்கும் இதேதான்.

கொதிக்கும் தண்ணீரில் போடுவது

சட்டி வெடித்துவிடக்கூடும். பச்சைத் தண்ணீரில் வைத்து, சிறு தீயில் மெல்லச் சூடேற்றி, இருபது நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்து அந்தத் தண்ணீரிலேயே ஆறவிடுங்கள்.

அடித்துளை

பூந்தொட்டியின் தூரில் உள்ள துளை பலர் கண்ணில் படுவதே இல்லை. டாங்க் கிளீனர் என்று விற்கும் சக்கர் மீன் அதில் தலையை நுழைத்தால் பின்வாங்க முடியாது. பக்கத் துடுப்பின் முள் விரிந்து சிக்கிக்கொள்ளும். இழுத்தால் துடுப்பு கிழியும். பூந்தொட்டியைக் கவனமாக உடைத்துத்தான் மீனை எடுக்க வேண்டும். துளை மீன்தொட்டியின் அடிமணலுக்குள் புதையும்படி பூந்தொட்டியை வையுங்கள். மீன் மண்ணைத் தோண்டும் வகையானால் அக்வேரியம் சிலிகான் வைத்து அடைத்து, இரண்டு நாள் காயவிட்டு, சிலிகானின் புளித்த வாடை அடங்கியபின் பயன்படுத்துங்கள்.

கல்லின் மேல் நிறுத்துவது

சிச்லிட் அடியில் தோண்டும், சட்டி சாய்ந்து கண்ணாடியில் மோதும். முதலில் சட்டியைத் தொட்டியின் அடிக்கண்ணாடியில் மெதுவாகப் பதியவைத்து, அதன்பிறகு சுற்றிலும் கல்லைப் போடுங்கள். சட்டியின் வாய், ஃபில்டர் நீரோட்டத்தின் பக்கம் திரும்பியிருக்கட்டும், உள்ளே கழிவு தங்காது.