மழை பெய்தால் மட்டும் படுத்துக்கொண்ட ஜி.பி.எஸ்

நாகப்பட்டினத்தில் எங்கள் விசைப்படகின் ஜி.பி.எஸ், ஐப்பசி மழை தொடங்கியதும் சாட்டிலைட்டை விட்டுவிடும். வெயிலடித்தால் தானாகச் சரியாகிவிடும். ஆன்டெனா போச்சு, புதுசு போடு என்றார்கள். எனக்கு நம்பிக்கையில்லை.

கேபிள் வழியாகத்தான் ஆன்டெனாவுக்கு 5 வோல்ட் போகிறது. மேலே ஏறிக் கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தேன். 3-கூட வரவில்லை. உள்ளே பச்சைப் பொடி. கேபிள் தோலைச் சீவினால் உள்ளே வலைபோல் பின்னிய செம்புக் கம்பி கறுத்திருந்தது. திரி எண்ணெயை இழுப்பதுபோல உப்புத்தண்ணீர் உள்ளே ஏறியிருக்கிறது. செம்பு பளிச்சென்று தெரியும்வரை நறுக்கியதில் ஒன்றரை அடி போனது.

போன வருடம் தண்ணீர் புகாமலிருக்க அந்தக் கனெக்டரில் சிலிகோன் பசை பூசியதே நான்தான். வினிகர் வாடை அடிக்கும் ரகம். அது செம்பை அரிக்கும். இந்த முறை புதுக் கனெக்டர், அதன்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்துச் சுற்றி, வெயில் படாமலிருக்க மேலே பி.வி.சி டேப். கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோலச் சுற்ற வேண்டும். அப்புறம், கேபினுக்குள் நுழையுமுன் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டேன்; தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கார்த்திகையில் புயல் மழை. கரையில் கட்டிக்கிடந்த படகில் போட்டுப் பார்த்தேன், எட்டு சாட்டிலைட் நின்றது.