குழந்தைங்க கண் ஃபெலோஷிப்: சீட் தேடுறதுல இருந்து லாக்புக் வரைக்கும்

பிஜி முடிக்கப் போற ஜூனியர்ஸ் பீடியாட்ரிக் ஆஃப்தல்மாலஜி (குழந்தைங்க கண் மருத்துவம்) ஃபெலோஷிப், அதாவது பிஜிக்கு அப்புறம் பண்ற சிறப்புப் பயிற்சி, பத்திக் கேக்க வந்தா முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான், "அங்க எத்தன சர்ஜரி கைல குடுப்பாங்க?" கேக்க வேண்டிய கேள்விதான், ஆனா முதல்ல கேக்க வேண்டியது இல்ல. இந்தத் துறைல கை சீக்கிரம் பழகிடும், எந்தக் குழந்தைய டேபிள்ல ஏத்தக் கூடாதுன்னு கண்டுபிடிக்கத்தான் நாளாகும். 3 வயசுக் குழந்தை, கண்ணு ரெண்டும் மூக்குப் பக்கமா திரும்பியிருக்கு, அட்ரோபின் சொட்டு போட்டு ரிஃப்ராக்ஷன் (கண்ணுக்கு எவ்ளோ பவர் வேணும்னு) பாத்தா ரெண்டு கண்லயும் பிளஸ் 5 வருது. முழு பவர்ல கண்ணாடி போட்டா கொஞ்ச வாரத்துல கண்ணு நேராயிடும், ஆபரேஷனே வேண்டாம். அதே குழந்தைக்கு ரிஃப்ராக்ஷன ஒழுங்கா பாக்காம கண்ண அசைக்கற மசில்ல கைவச்சுட்டா, என்னைக்காவது ஒருநாள் யாராவது சரியான கண்ணாடி குடுக்கும்போது கண்ணு வெளிப்பக்கமா ஓடும், அப்புறம் அதுக்கு இன்னொரு ஆபரேஷன். அதனால என் முதல் கேள்வி இது: அந்த ஓ.பி.ல குழந்தைய பரிசோதிக்கறது யாரு, அத ஃபெலோவுக்கு உக்காந்து சொல்லிக் குடுக்கறது யாரு?

இந்தத் துறை ஆரம்பிச்சதே அப்படித்தான். 1943ல வாஷிங்டன்ல ஃபிராங்க் காஸ்டன்பேடர் இனிமே குழந்தைங்கள மட்டும்தான் பாப்பேன்னு முடிவு பண்ணாரு, அவர்கிட்ட கத்துக்கிட்ட மார்ஷல் பார்க்ஸ்தான் பின்னாடி நாம எல்லாரும் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற த்ரீ ஸ்டெப் டெஸ்ட்டுக்கு (எந்தக் கண் மசில் பலவீனம்னு மூணு படில கண்டுபிடிக்கறது) பேர் போனவரு. ஒருத்தர் பக்கத்துல ஒருத்தர் உக்காந்து கத்துக்கற பழக்கம், இன்னைக்கும் நல்ல சென்டர்ல அதான் நடக்குது.

எங்க போறது, எவ்ளோ நாள்? அமெரிக்காவுல ஒரு வருஷம், எஸ்.எஃப். மேட்ச்ங்கற சீட் ஒதுக்கற முறை வழியா சீட். அங்க பீடியாட்ரிக்ஸ்ல சில வருஷமாவே சீட் காலியா நிக்குது, அதப் பாத்து வெளிநாட்டுல படிச்சவங்களுக்கு ஈஸின்னு நெனச்சுடாதீங்க, லைசென்ஸ், விசா, பரீட்சைன்னு தனி மலை இருக்கு. இந்தியாவுல அரவிந்த், எல்.வி.பிரசாத், சங்கர நேத்ராலயா மாதிரி இடங்கள்ல லாங் டெர்ம் ஃபெலோஷிப் இருக்கு, பொதுவா ஒரு வருஷத்துக்கு மேலயே ஓடும். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ், கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட், டொரண்டோ சிக்கிட்ஸ் இங்கல்லாம் வெளிநாட்டு ஆளுங்களும் வந்து ஃபெலோவா இருக்காங்க. ஐ.சி.ஓ.வோட (சர்வதேச கண் மருத்துவ கவுன்சில்) குறுகிய கால ஃபெலோஷிப்பும் இருக்கு, ஆனா அது அநேகமா பாக்கறதுக்குத்தான், கைல கருவி தர மாட்டாங்க. இந்த ஒரு விஷயத்துல மட்டும் வெக்கமே படாதீங்க, "கிளினிக்கல் ஃபெலோவா, அப்சர்வரா"ன்னு மெயில்ல எழுத்துல கேட்டு எழுத்துல பதில் வாங்குங்க, வாய்வார்த்தைய நம்பி போனவங்க வருஷம் முழுக்க கன்சல்டன்ட் தோளுக்குப் பின்னாடி எட்டிப் பாத்துட்டு சர்டிஃபிகேட்டோட திரும்பினதும் உண்டு.

சென்டர எப்படி எடை போடறது? வெப்சைட்ட விட்டுருங்க. இப்ப அங்க இருக்கற ஃபெலோவையும், போன பேட்ச்ல முடிச்சவரையும் புடிங்க, ரெண்டு பேரும் வேணும், ஏன்னா உள்ள இருக்கறவர் கொஞ்சம் ஜாக்கிரதையாத்தான் பேசுவாரு. அவங்ககிட்ட கேக்க வேண்டியது: ஸ்க்விண்ட் (மாறுகண்) கேஸ்ல முதல் தையல்ல இருந்து கடைசி வரைக்கும் நீங்களே பண்ணது எத்தன, அசிஸ்ட் பண்ணது எத்தன. ஆப்ளிக் மசில் (கண்ண சாய்வா இழுக்கறது) தொட விட்டாங்களா, இல்ல ரெக்டஸோட (நேரா இழுக்கற மசில்) சரியா. ஒரு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு கேட்டராக்ட் (கண்புரை) ஆபரேஷன் நீங்க பண்ணீங்களா. பிறவி குளுக்கோமா (கண் அழுத்த நோய்), ரெட்டினோபிளாஸ்டோமா (விழித்திரைப் புற்றுநோய்) இதெல்லாம் பீடியாட்ரிக் டீம்ல வருதா, இல்ல வேற டிபார்ட்மெண்ட் தூக்கிட்டுப் போயிடுதா. பெரியவங்களுக்கு வர்ற ஸ்க்விண்ட், தைராய்டு, நரம்பு வாதம், ரெட்டைப் பார்வை இதுவும் இந்த ஃபெலோஷிப்போட பாதி சாப்பாடு, அட்ஜஸ்டபிள் தையல் (ஆபரேஷனுக்கு அப்புறமும் சரிபண்ணிக்கற மாதிரி போடறது) அங்கதான் கத்துக்க முடியும், குழந்தைங்க கண்ணுன்னு பேர் இருக்கறதால நெறைய பேர் இத விசாரிக்க மறந்துடறாங்க. முக்கியமா, நல்ல ஆர்த்தாப்டிஸ்ட் (மாறுகண்ண அளந்து பரிசோதிக்கற நிபுணர்) இருக்காங்களா? இருந்தா முதல் ரெண்டு மாசம் அவங்க நாற்காலி பக்கத்துலயே உக்காருங்க, கவர் டெஸ்ட்ட (ஒரு கண்ண மூடி இன்னொரு கண்ணு எப்படி நகருதுன்னு பாக்கறது) அவங்கள விட பொறுமையா யாரும் சொல்லித் தர மாட்டாங்க.

ஆர்.ஓ.பி., அதாவது குறைமாசக் குழந்தைங்களுக்கு வர்ற விழித்திரை நோய், பத்தி தனியா சொல்லணும். குறைமாசக் குழந்தைங்க விழித்திரை ஸ்கிரீனிங் கத்துக்காம வெளிய வந்தா பாதி ஃபெலோஷிப்தான். அமெரிக்காவுல 30 வாரத்துக்குள்ள பொறந்தது, இல்லன்னா 1500 கிராம் வரைக்கும்னு ஸ்கிரீனிங் எல்லை வச்சிருக்காங்க, இந்தியாவுல 34 வாரத்துக்குக் கீழ, இல்லன்னா 2000 கிராமுக்குக் கீழன்னு வச்சிருக்காங்க, ஏன்னா ஆக்சிஜன் கண்காணிப்பு சரியில்லாத இடங்கள்ல கொஞ்சம் பெரிய குழந்தைங்களுக்கும் மோசமா வருது. அதனால நீங்க பின்னாடி எந்த மாதிரி இடத்துல வேலை பாக்கப் போறீங்களோ அந்த மாதிரி கேஸ் வர்ற என்.ஐ.சி.யு. (பச்சைக் குழந்தைங்க தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கான்னு பாருங்க. லேசர நீங்களே போட விடறாங்களான்னும் கேளுங்க, இப்ப கண்ணுக்குள்ள போடற ஊசி வந்துட்டதால சில இடத்துல லேசர் கேஸே குறைஞ்சுடுச்சு. ஊசி போடறது சுலபம், ஆனா நோய் பல வாரம் கழிச்சு திரும்பி வரலாம், ஊருக்குப் போன குடும்பத்த திரும்ப வரவைக்கறதுதான் நெஜமான வைத்தியம். டைப் 1னு (சிகிச்சை கட்டாயம் தேவைப்படற ஆர்.ஓ.பி.) எழுதிட்டா 72 மணி நேரத்துக்குள்ள சிகிச்சை நடக்கணும், அந்த அவசரத்த ஒரு டீம் எப்படி கையாளுதுன்னு பாக்கறதே ஒரு பாடம்.

அப்ளிகேஷன்ல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. "சின்ன வயசுல இருந்தே குழந்தைங்கன்னா உயிரு"ன்னு எஸ்.ஓ.பி.ய (ஏன் சேர விரும்பறீங்கன்னு எழுதற கடிதம்) ஆரம்பிக்காதீங்க, படிக்கறவங்க அன்னைக்கு அதே வரிய பத்துவாட்டி படிச்சிருப்பாங்க. நீங்க பாத்த ஒரு கேஸ், அதுல என்ன முடிவெடுத்தாங்க, உங்களுக்கு என்ன சந்தேகம் வந்துச்சுன்னு எழுதினா போதும். சிபாரிசு லெட்டர் உங்க வேலைய நேர்ல பாத்தவர்கிட்ட வாங்குங்க, பெரிய பேர் இருக்கற, உங்கள அடையாளமே தெரியாத ஹெச்.ஓ.டி. லெட்டர் ரெண்டு வரிலயே காட்டிக் குடுத்துரும். இன்டர்வியூவுக்கு முன்னாடி ரெண்டு ஸ்டடியாவது முழுசா படிச்சுட்டுப் போங்க. ஒண்ணு, ஒரு கண்ல மட்டும் புரையோட பொறந்த 114 கைக்குழந்தைங்கள வச்சுப் பண்ண இன்ஃபன்ட் அஃபேக்கியா ஸ்டடி: 5 வயசுல பாத்தப்ப கண்ணுக்குள்ள லென்ஸ் வச்சவங்களுக்கும் கான்டாக்ட் லென்ஸ் போட்டவங்களுக்கும் பார்வைல பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா லென்ஸ் வச்ச கண்ணுங்களுக்குத் திரும்பத் திரும்ப ஆபரேஷன் தேவைப்பட்டுச்சு. இன்னொண்ணு, 2003ல வந்த பேச்சிங் (நல்ல கண்ண மூடி வைக்கற சிகிச்சை) ஸ்டடி, மிதமான சோம்பேறிக் கண்ணுக்கு ஒரு நாளைக்கு 2 மணி நேரம் பேட்ச் போட்டாலும் 6 மணி நேரம் போட்டாலும் நாலு மாசத்துல ஏறக்குறைய ஒரே முன்னேற்றம்தான். இது ரெண்டையும் வச்சு அரை மணி நேரம் உங்கள குடைவாங்க.

சேந்தாச்சுன்னு வைங்க. முதல் மூணு மாசம் ரெட்டினோஸ்கோப்ப (கண்ணுல வெளிச்சம் அடிச்சு பவர் பாக்கற கருவி) கீழ வைக்காதீங்க. ஆட்டோரிஃப்ராக்டர் இருக்கே, ஆப்டோமெட்ரிஸ்ட் இருக்காங்களேன்னு விட்டீங்கன்னா அந்தத் திறமை அப்புறம் எப்பவும் வராது. அழுதுட்டிருக்கற குழந்தைகிட்ட உங்களுக்கு ரெண்டு செகண்ட் ரிஃப்ளெக்ஸ்தான் கிடைக்கும், அதுக்குள்ள நியூட்ரலா (சரியான பவர் வந்துடுச்சா) இல்லையான்னு தெரியணும். பரிசோதனைல ஒரு வரிசையும் இருக்கு: குழந்தைய தொடறது எல்லாம் கடைசில. ரூமுக்குள்ள நடந்து வரும்போதே தலைய எந்தப் பக்கம் சாய்க்குதுன்னு பாத்துடுங்க, அம்மா மடில உக்காந்திருக்கும்போதே பொம்மைய காட்டி கவர் டெஸ்ட் பண்ணிடுங்க, வலது கண்ண மூடினா சும்மா இருக்கற குழந்தை இடது கண்ண மூடினதும் கைய தட்டிவிட்டு அழுதா உங்களுக்கு பாதி விடை கிடைச்சாச்சு, வலது கண்ணுல பார்வை கம்மி. சொட்டு மருந்து விட்டதுக்கு அப்புறம் அந்தக் குழந்தை உங்கள நம்பாது. முக்கியமான அளவு ஏதாவது விட்டுப்போச்சுன்னா இன்னொரு நாள் வரச் சொல்லுங்க. ஸ்க்விண்ட் ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு தனித்தனி நாள்ல எடுத்த அளவு ஒத்துப்போகலன்னா தேதியே குடுக்காதீங்க.

தியேட்டர்ல ரெண்டு விஷயம். ரெக்டஸ் மசில் ஒட்டற இடத்துக்குப் பின்னாடி ஸ்க்லீரா (கண்ணோட வெள்ளைச் சுவர்) 0.3 மில்லிமீட்டர்தான், கண்ணுல மெல்லிசான இடமே அதான், அங்கதான் நாம ஊசிய படுக்க வச்சு ஓட்டறோம். ஊசியோட உலோகம் ஸ்க்லீரா வழியா பூரா நேரமும் மங்கலா தெரியணும், மறைஞ்சுடுச்சுன்னா ஆழமாப் போகுதுன்னு அர்த்தம், நிறுத்துங்க. அடுத்தது மசில ஹூக்ல இழுக்கும்போது குழந்தையோட நாடித்துடிப்பு சடார்னு எறங்கும், அனஸ்தீசியா டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே மானிட்டர் சத்தம் மந்தமாகறது உங்க காதுல விழணும், உடனே ஹூக்க தளர்த்துங்க, அநேகமா தானா ஏறிடும். கேட்டராக்ட்ல பெரியவங்க கணக்கு செல்லாது, சின்னக் குழந்தைங்களுக்கு பின் கேப்ஸ்யூல் (லென்ஸ் உறையோட பின்பக்கம்) கண்டிப்பா மங்கும், அதனால அதையும் தெறந்து முன்பக்க விட்ரெக்டமியும் (கண்ணுக்குள்ள இருக்கற ஜெல்ல கொஞ்சம் எடுக்கறது) சேத்துப் பண்றத இங்கதான் கத்துக்கணும். வருஷக்கணக்கா குளுக்கோமாவுக்குக் கண்காணிக்கறதும் அதே கேஸோட மிச்சம்தான்.

பெத்தவங்ககிட்ட பேசறத யாரும் சிலபஸ்ல போட மாட்டாங்க. கண்மணில வெள்ளையா தெரியுதுன்னு ஃபோட்டோ காட்டற அம்மாகிட்ட ரெட்டினோபிளாஸ்டோமான்னு சொல்ற அன்னைக்கு கன்சல்டன்ட் பக்கத்துல நில்லுங்க, என்ன வார்த்தை எடுக்கறாரு, எங்க நிறுத்தறாருன்னு கவனிங்க. பேட்ச் போட முடியலன்னு சொல்ற அப்பாவ திட்டாதீங்க, திட்டினா அடுத்த தடவை பொய் சொல்லுவாரு, ரெண்டு மணி நேரம் எந்த நேரத்துல போட்டா வீட்ல சண்டை கம்மின்னு கேளுங்க.

லாக்புக்க எண்ணிக்கை நோட்டா வச்சுக்காதீங்க. ஒவ்வொரு ஸ்க்விண்ட் கேஸுக்கும் ஆபரேஷனுக்கு முன்னாடி எத்தன பிரிசம் (கண்ணு எவ்ளோ திரும்பியிருக்குங்கற அளவு), எந்த மசில் எத்தன மில்லிமீட்டர், ஆறு வாரத்துல எவ்ளோ, ஆறு மாசத்துல எவ்ளோன்னு ஒரே ஷீட்ல போடுங்க, பேஷண்ட் பேர் வேண்டாம். 35 பிரிசத்துக்கு ரெண்டு பக்கம் மீடியல் ரெக்டஸ (மூக்குப் பக்க மசில்) 5 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளணும்னு புக் டேபிள் சொல்லும், ஆனா கேலிபர் புடிக்கற விதம், மசில் கட்டற விதம் ஆளுக்கு ஆள் மாறும், அதனால உங்க கைக்கு அது 4.5ஆ 5.5ஆன்னு இந்த ஷீட்தான் சொல்லும். முடிச்சுட்டுப் போனப்புறம் வர்ற ரிசல்ட்ட ஜூனியர் ஃபெலோ யாரையாவது அனுப்பச் சொல்லி நிரப்புங்க, கடைசி ஆறு மாசத்துல பண்ண கேஸ்ங்களோட ரிசல்ட் அப்படித்தான் கைக்கு வரும்.