முகமும் ஸ்லைடும் ஒன்றாக: ஓபிஎஸ் விர்ச்சுவல் கேமராவில் எழுத்து மங்காமல் பாடம் நடத்த

ஜூமில் ஸ்கிரீன் ஷேர் செய்ததும் நம் முகம் மூலையில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். முகமும் ஸ்லைடும் ஒரே படமாகப் போக விர்ச்சுவல் கேமரா நல்ல வழி: கணினியில் நாம் கோத்த படத்தை ஜூமுக்கு ஒரு கேமரா போலக் கொடுக்கும். ஆனால் எழுத்து மங்கும். எனக்கு அதைச் சரிசெய்யத்தான் அதிக நேரம் பிடித்தது, அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

மென்பொருள் ஓபிஎஸ் ஸ்டுடியோ. இலவசம், வாட்டர்மார்க் கிடையாது. 2020-இல் வந்த 26-ஆம் பதிப்பிலிருந்து விர்ச்சுவல் கேமரா அதிலேயே இருக்கிறது. பாடம் நடத்த இதற்கு மேல் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கீழே உள்ளது விண்டோஸுக்கு.

படி 1. பவர்பாயிண்டில் ஸ்லைடு ஷோ, அதில் செட் அப் ஸ்லைடு ஷோ போய், 'பிரவுஸ்டு பை ஆன் இண்டிவிஜுவல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி F5 அழுத்தினால் ஸ்லைடு முழுத்திரையைப் பிடிக்காமல் ஒரு விண்டோவுக்குள் ஓடும்.

படி 2. ஓபிஎஸ்ஸில் சோர்ஸஸ் பகுதியில் கூட்டல் குறியை அழுத்தி, விண்டோ கேப்சர் சேர்த்து, அந்த விண்டோவைக் காட்டுங்கள். கறுப்பாகத் தெரிந்தால் கேப்சர் மெத்தடை 'விண்டோஸ் 10' என்று மாற்றினால் பெரும்பாலும் வந்துவிடும். பவர்பாயிண்டை மினிமைஸ் செய்யாதீர்கள், படம் நின்றுபோகும். மேலே தெரியும் தலைப்புப் பட்டையை, ஆல்ட் விசையைப் பிடித்தபடி ஓரத்தை இழுத்து வெட்டிவிடலாம்.

படி 3. வீடியோ கேப்சர் டிவைஸ் என்று உங்கள் வெப்கேமைச் சேர்த்து மூலையில் வையுங்கள். பட்டியலில் மேலே இருப்பதுதான் படத்தில் முன்னால் தெரியும்.

படி 4. ஸ்டார்ட் விர்ச்சுவல் கேமரா. அப்புறம் ஜூமைத் திறந்து, கேமராவாக ஓபிஎஸ் விர்ச்சுவல் கேமராவைத் தேர்ந்தெடுங்கள். இதில் ஒலி போகாது. மைக்கை ஜூமிலேயே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரி, இப்போது மங்கல். ஸ்கிரீன் ஷேரில் அசைவு கொஞ்சம் தடுமாறினாலும் எழுத்து கூர்மையாக இருக்கும்படி அனுப்புவார்கள். கேமரா படத்துக்கு அசைவு சீராக இருப்பதுதான் முக்கியம். நெட் மெதுவானால் முதலில் குறைவது படத்தின் துல்லியம். நம் ஸ்லைடு கேமரா படமாகப் போவதால் அடி வாங்குவது எழுத்துதான். தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி: 'மண்' என்று போட்டது எதிர்ப்பக்கத்தில் 'மண' என்று தெரியும்.

ஓபிஎஸ் செட்டிங்ஸில் வீடியோ பகுதியில் பேஸ், அவுட்புட் இரண்டையும் 1280×720 என்று வையுங்கள். பெரிய அளவில் வைத்தால் உங்கள் திரையில் மட்டும்தான் அழகாகத் தெரியும். ஜூமின் வீடியோ செட்டிங்ஸில் எச்டியை இயக்குங்கள். 'டச் அப் மை அப்பியரன்ஸ்' இருந்தால் அணைத்துவிடுங்கள். ஸ்லைடில் எழுத்தின் அளவு 32-க்குக் குறைய வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் நிர்மலா யூஐ போல்டு எனக்குப் பிடித்தது, புள்ளி நன்றாகத் தெரிகிறது. மெல்லிய கோட்டு எழுத்துருக்கள் வேண்டவே வேண்டாம்.

கடைசியில், வைஃபையை அணைத்த ஒரு கைபேசியில் மொபைல் டேட்டா வழியாக அதே மீட்டிங்கில் சேர்ந்து பாருங்கள். அதில் படிக்க முடிந்தால் போதும்.

எண்கள் நிறைந்த எக்செல் அட்டவணை என்றால் பழைய ஸ்கிரீன் ஷேரே மேல். அதற்கு இந்த முறை சரிவராது.

பின்சேர்க்கை: ஸ்லைடே காணவில்லை, முகம் மட்டும் தெரிகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஜூமின் விர்ச்சுவல் பேக்ரவுண்டையோ பிளரையோ அணையுங்கள். அது ஆளை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பின்னணி என்று அழித்துவிடும், ஸ்லைடு உட்பட. எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறித் தெரிகிறதென்றால் பயப்பட வேண்டாம், அது உங்களுக்கு மட்டும்தான் அப்படி, மற்றவர்களுக்கு நேராகவே போகிறது. கேலரி வியூவில் (எல்லோரும் சிறு கட்டங்களாகத் தெரியும் முறை) பார்ப்பவர்களுக்கு ஸ்லைடு பொடிசாகத் தெரியும். ஹோஸ்டிடம் சொல்லி உங்களை ஸ்பாட்லைட் செய்யச் சொல்லுங்கள், எல்லோருக்கும் உங்கள் படம் பெரிதாகத் தெரியும்.