மழைக்கோட்டுக்குள் ஒளிந்த விளக்கு

மொரீஷியஸின் கியூர்பீப் நகரில் ஜூன், ஜூலை குளிர்கால மாலைகளில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். தூறலும் மூடுபனியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சைக்கிளில் சிவப்பு விளக்கு எரிந்தும் கார்கள் உரசிக்கொண்டு போயின. ஒருநாள் பின்னால் வந்த மச்சான், "விளக்கா? ஒன்றும் தெரியலையே!" என்றான். சீட்டுக்கு அடியில் மாட்டியதை என் மழைக்கோட்டின் வால் மூடியிருந்தது! கேரியரின் கடைசிக் கம்பிக்கு மாற்றினேன்.

கணுக்காலில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையும் கட்டினேன். மிதிக்க மிதிக்க மேலும் கீழும் ஆடுவதால் ஓட்டுநர் கண்ணில் சட்டென்று படும். மஞ்சள் மேலங்கி பகலுக்குத்தான் சரி.

பக்கத்து ஊரான வாக்வாவிலிருந்து வீடு திரும்ப, பெரிய சாலையை விட்டு, இப்போது ஃபுளோரியால் பகுதியின் உள்தெருக்கள்தான். ஏற்றம் மூச்சு வாங்கும், நேரமும் கூடும். நிற்கும் கார்களிலிருந்து ஒரு கதவகலம் தள்ளியே போகிறேன்.